முப்பத்தொன்றுக்கு முப்பது

செவ்வாய், பிற்பகல் 1.10. மிசிசாகாவிலிருந்து காரில் கிளம்பினோம். சித்தியின் மகள் சுகந்தியின் வீட்டுக் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து வந்திருந்தேன். கல்யாணம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. புதன் இரவு விமானம். நடுவில் கிடைத்த இந்த ஒரு நாளை ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள வெக்ஸ்போர்ட்டுக்கென்று ஒதுக்கியிருந்தேன். அங்கே எனக்கு ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

சுகந்தியின் கணவர் குகன் விமான நிலையத்தில் வேலை செய்கிறார். கிப்ளிங் சுரங்க ரயில் ஸ்டேசனில் என்னை இறக்கிவிட வந்தார். 2019 ஒக்ரோபரின் கடைசி வாரம். கனடாவில் தேர்தல் முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. சில வீட்டுப் புற்றரைகளில் வேட்பாளர்களின் பலகைகள் இன்னும் சரிந்தபடி நின்றன.

“அக்கா, உங்கட ஆக்கள் என்ன செய்யினம்? ஐரோப்பாவை விட்டுப் போயினமோ, இருக்கினமோ?”

“போறம் எண்டு மூண்டு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கினம்.”

“எங்கட வீட்டு விருந்தாளியள் மாதிரி” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வந்த செய்தி மடியில் கைப்பேசியில் இருந்தது.

வட லண்டனில் எங்கள் கட்சிக் கிளைக்கு நான் பன்னிரண்டு வருடமாகச் செயலாளர். எதிர்க்கட்சியின் கிளை. எங்கள் தொகுதி உறுப்பினர் இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அன்று காலை அறிவித்துவிட்டார். கிளையில் மூன்று பேர் என் பெயரைச் சொல்லியிருந்தார்கள். வேட்பாளராக விரும்பினால் லண்டன் நேரம் இரவு பத்து மணிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஞாயிறன்று பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள், கனடாவில் இன்னும் இல்லை. அதனால் அந்த ஒரு வாரம் இரண்டு நாட்டுக்கும் நான்கு மணித்தியாலம்தான் வித்தியாசம். ரொறன்ரோவில் மாலை ஆறு மணி.

படிவத்தில் பதினொரு கேள்விகள். பத்தைக் காலையிலேயே நிரப்பிவிட்டேன். கடைசிக் கேள்வி இது: வெளியே வந்தால் கட்சிக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் உங்கள் கடந்தகாலத்தில் உண்டா?

1.45. கிப்ளிங்கிலிருந்து வோர்டன்வரை ஒரே ரயில், ஏறக்குறைய ஐம்பது நிமிடம். கட்டணம் மூன்று டொலர் இருபத்தைந்து சதம். மேற்கு முனையிலிருந்து கிட்டத்தட்டக் கிழக்கு முனைக்கு அதே காசுதான். லண்டனில் வலயம் வலயமாகக் கொடுத்துப் பழகிய எனக்கு அது மலிவாகப்பட்டது. சுரங்கத்துக்குள் கைப்பேசி செத்துப்போகிறது. ஸ்டேசனுக்கு ஸ்டேசன்தான் இணையம் வருகிறது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் பாராளுமன்றச் செய்தியைத் தேடினேன். முன்கூட்டியே தேர்தல் வைக்கலாமா என்று அன்று அங்கே வாக்களிக்கப் போகிறார்கள்.

ஷேர்போர்ன் ஸ்டேசனில் ஏறிய ஒரு தமிழ் அம்மா இரண்டு மரக்கறிப் பைகளோடு எனக்கு எதிரே அமர்ந்தார். சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“பிள்ளை, வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?”

“இல்லை அன்ரி. லண்டன் பாராளுமன்றம்.”

“உதுக்கோ இப்பிடி நகத்தைக் கடிக்கிறீர்?” என்றார். ரயில் சுரங்கத்தைவிட்டுப் பாலத்தின்மேல் ஏறியது. கீழே டொன் பள்ளத்தாக்கு முழுவதும் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. அவர் அதைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மூன்று நொடி.

2.55. வோர்டனிலிருந்து வடக்கே பஸ். லோறன்ஸ் சந்தியில் இறங்கி ஆறு நிமிட நடை. பதினோராம் மாடி. கதவைத் திறந்தவள் சிவநேசன் அண்ணையின் மகள் கவிதா. மருத்துவமனை உடுப்பில் வேலைக்குப் புறப்பட்டு நின்றாள்.

“வாங்கோ அன்ரி. அப்பா காலமையிலிருந்து பாராளுமன்றம் பாக்கிறார். பிரஷர் கூடப்போகுது. நீங்களும் சேந்து பாத்து ஏத்தாதேங்கோ” என்று சொல்லிவிட்டு லிப்ட்டுக்கு ஓடினாள்.

சிவநேசன் அண்ணை எங்கள் கிளையின் தலைவராக இருந்தவர். எழுபத்தொரு வயது. இருபது வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து மழையில் வாக்குக் கேட்டுக் கதவு தட்டியிருக்கிறோம். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பாவை விட்டு விலகும் பிரெக்சிற்றுக்கு நாடு சம்மதித்தபோது, எதிர்க்கட்சித் தலைவர் சரியாகப் போராடவில்லை என்று கட்சிக்குள் பெரிய கலகம் வந்தது. கட்சித் தலைவர்மேல் நம்பிக்கையில்லை என்று எங்கள் கிளையிலும் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவள் நான். அண்ணை தலைவரின் பக்கம். “இது நிறைவேறினால் நான் இந்தக் கதிரையில் இருக்கமாட்டேன்” என்று கூட்டத்தில் சொன்னார். முப்பத்தொன்றுக்கு முப்பது. நிறைவேறியது. எழுந்து போனார். அடுத்த வருடம் மகளிடம் கனடாவுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் பேசவில்லை.

வருகிறேன் என்று நான் எழுதியதற்கு அவர் அனுப்பிய பதில் ஒரே சொல்: “வா.”

தேநீர் ஊற்றினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நிக்கப்போறியாம்” என்றார். செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது.

“இன்னும் படிவம் அனுப்பேல்லை அண்ணை.”

“வாசலிலை கேப்பினம், இவ்வளவு திட்டத்துக்கும் காசு எங்காலை எண்டு. என்ன சொல்லுவாய்?”

“வட்டி குறைவா இருக்கேக்கை அரசாங்கம் கடனெடுத்து வீடு கட்டலாம், ரயில் பாதை போடலாம் எண்டு சொல்லுவன்.”

“ஆளுங்கட்சியும் இப்ப அதைத்தானே சொல்லுது. ஒன்பது வருசமாக் கடன் கடன் எண்டு நூலகத்தையும் பூட்டிப்போட்டு, பிரெக்சிற் எண்டவுடனை கஜானாவைத் திறந்துவிட்டிருக்கினம். அவையிட்டை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். உன்னட்டைத்தான் கேப்பினம். ஏன் சொல்லு?”

“எங்களிலை நம்பிக்கையில்லை.”

“அதுதான். கணக்குச் சரியோ பிழையோ எண்டு சனம் பாக்கிறேல்லை. சொல்லுற ஆளைத்தான் பாக்கும்.”

பழைய அண்ணை திரும்பிவிட்டார் போலிருந்தது. கோபமே இல்லாமல் முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்தோம். சொல்ல வந்ததை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

4.20. முடிவு வந்தது. பெரும் ஆதரவுடன் டிசம்பரில் தேர்தல். அவர் தொடையில் தட்டினார். “போ, அனுப்பு!” என்றார்.

அப்போதுதான் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்குக் கை உயர்த்தின முப்பத்தொரு பேரிலை ஒராள் அங்கத்தவரே இல்லை. சந்தா முடிஞ்சு ரெண்டு மாசம். அவரை எடுத்தால் முப்பதுக்கு முப்பது. தீர்மானம் விழுந்திருக்கும்.”

திரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தத்தை நிறுத்தினார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“கூட்டம் முடிஞ்சு ரெண்டாம் நாள். பட்டியலைச் சரிபார்க்கேக்கை.”

“ஏன் சொல்லேல்லை?”

“கட்சித் தலைவர் எப்பிடியும் நாடு முழுக்க அங்கத்தவர் போடுற வாக்கிலை வெல்லுவார், எங்கட தீர்மானத்தாலை ஒண்டும் மாறாது எண்டு நினைச்சன். அவர் வெண்டார்தானே.”

“அவர் வெண்டார்” என்றார் மெதுவாக. “நான்? அந்தக் கதிரையாலை எழும்பினாப் பிறகு எனக்கு ஒரு கூட்டமும் இல்லை. மூண்டு வருசம், வதனி. இந்த மாடியிலை நிண்டு கார் நிறுத்துற இடத்தோடையோ அரசியல் பேசுறது?” அவர் கதவைக் காட்டினார். பிறகு, “எழும்பிப் போ” என்றார்.

4.50. கீழே, கட்டிடத்தின் வரவேற்பறையில் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். “இல்லை” என்ற கட்டத்தை அழுத்தினால் முடிந்துவிடும். அந்த விடயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் என்னோடு பேசாதவர். உள்ளே வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். சுவரில் மணிக்கூடு 5.15 காட்டியது, பிறகு 5.25. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இனி ஒரு தடவை யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

“ஆம்” என்பதை அழுத்தி நான்கு வரி எழுதினேன்.

5.35க்கு லிப்ட் திறந்தது. அண்ணை. காலில் வீட்டுச் செருப்பு, மேலே குளிர்ச்சட்டை. உட்காரவில்லை.

“அனுப்பிட்டியோ?”

“இன்னும் இல்லை.”

“வாசி.”

வாசித்தேன். தகுதியில்லாத ஒருவரின் வாக்கைத் தவறுதலாக எண்ணியதால் 2016இல் ஒரு தீர்மானம் நிறைவேறியது, செயலாளராக இருந்தும் அதை நான் திருத்தவில்லை என்று இருந்தது.

“'தவறுதலாக' எண்டதை எடு.”

“எண்ணேக்கை எனக்குத் தெரியாது அண்ணை.”

“முதல் ரெண்டு நாளும் தவறுதல். மிச்சம் மூண்டு வருசமும் என்ன?”

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று எழுதினேன். 5.48க்கு அனுப்பினேன். அவர் திரை அணையும்வரை பார்த்துவிட்டு லிப்ட்டுக்குப் போனார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. பஸ் பதினான்கு நிமிடம் பிந்தி வந்தது.

புதன், மாலை 6.30. விமான நிலையம். குகன் பெட்டிகளை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்ததும் லண்டனிலிருந்து மின்னஞ்சல். உங்கள் நேர்மைக்கு நன்றி. இம்முறை உங்கள் பெயரை முன்கொண்டு செல்ல இயலவில்லை. கிளையின் பழைய கூட்டக் குறிப்பு திருத்தப்படும். மூன்றே வரி. லண்டனில் அப்போது இரவு பத்தரை. யாரோ விழித்திருந்து எழுதியிருக்கிறார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசித்தது. ஒன்பது டொலருக்கு ஒரு சான்ட்விச் வாங்கிப் பாதி சாப்பிட்டேன்.

ஏழு மணித்தியாலத்தில் நான் திரும்பப்போகும் வீட்டில், பிரெக்சிற்றால் பக்கத்து வீட்டுக்காரரோடும் பேச்சில்லை. ரொறன்ரோவில் ஒரு தேர்தல் முடிந்த ஐந்தாம் நாளே கல்யாண வீட்டில் மூன்று கட்சிக்காரர் ஒரே மேசையில் புரியாணி சாப்பிட்டதைக் கண்டேன். பொறாமையாக இருந்தது. இந்த ஊருக்கும் தன் சண்டை இருக்கும். ஐந்து நாள் விருந்தாளிக்கு அது தெரியாது.

விமானத்தில் ஏற வரிசை நகரத் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது. சிவநேசன் அண்ணை.

“என்னவாம்?”

“இல்லையாம், அண்ணை.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“அப்ப ஆரைப் போடப்போறம்?” என்றார்.

போடப்போறியள் என்று தன்னை விலக்கி அவர் கேட்கவில்லை. வரிசையைவிட்டு விலகி, யன்னலோரம் நின்று, மிச்சமிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது பெயரிலேயே, “உவனோ? விசரே உனக்கு!” என்று கத்தினார்.