விசாரணைக்குப் போன மொட்டைத் தலை

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஜாவுரிமை விசாரணைக்கு நுவரெலியா போனபோது என் தலையில் ஒரு மயிர் இல்லை. மீசையும் இல்லை. விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தில் இரண்டும் தாராளமாக இருந்தன. பக்கத்தில் என் மனைவி பாக்கியத்தின் படம். பூ வைத்து, பின்னலை முன்னால் போட்டு, கல்யாணப் பெண் மாதிரி இருப்பாள்.

புதுச் சட்டம் வந்ததிலிருந்து, இலங்கையிலேயே தொடர்ந்து குடியிருந்தோம் என்று காட்டினால்தான் நாம் பிரஜை. இல்லாவிட்டால் இந்தியாக்காரன். நான் பிறந்தது வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். இந்தியாவில் கொண்டுபோய் இறக்கினால் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் தோட்டத்து மாரியம்மனிடம், காரியம் முடிந்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறகுதான் யோசனை வந்தது. தோட்டத்தில் பாதிப் பேர் இதையே வேண்டியிருக்கிறார்கள். எல்லோரும் பின்னால் தருகிறேன் என்கிறார்கள். நான் மட்டும் முன்னாலேயே கொடுத்துவிட்டால் அம்மன் என்னை முதலில் கவனிக்க மாட்டாளா? விசாரணைக்கு நாலு நாள் முன்பு போய் உட்கார்ந்தேன். நாவிதர் கை வேகத்தில் மீசையையும் எடுத்துவிட்டார்.

"ஏங்க, படத்துல இருக்க ஆளு எங்கங்க?" என்றாள் பாக்கியம். கேலி என்று நினைத்துச் சிரித்தேன்.

நீங்களும் விசாரணைக்குப் போவதானால் வட்டகொடையில் காலை ரயிலைப் பிடியுங்கள். மூன்றாம் வகுப்பு போதும். நானுஓயா வரை ஏற்றம்தான், ரயில் நம்மைவிட அதிகமாக மூச்சு வாங்கும். கிரேட் வெஸ்டர்ன் தாண்டியதும் குளிர் ஜன்னல் வழியாக நேரே என் தலைக்கு வந்தது. பாக்கியத்தின் கம்பளியைக் கேட்டேன்.

"அம்மன் பாத்துக்குவா," என்றாள்.

நானுஓயா ஸ்டேஷனுக்கு வெளியே முஸ்லிம் நானா ஒருவரின் டீக்கடை இருக்கிறது. பிளேன்டீ ஐந்து சதம். வடை சுமார்தான். அங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் ஐந்து மைல், இருபது சதம். கண்டக்டர் என் தலையைப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்காமல் நின்றார்.

"சாமி, இது கதிர்காமம் போற பஸ் இல்ல."

"தெரியுமப்பா. பிரஜாவுரிமை கந்தோருக்குப் போறோம்."

"அதுக்குக் கதிர்காமமே லேசு, சாமி!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பாக்கியம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்கு, பத்து மணிக்கே போய்விட்டோம். கூப்பிட்டபோது மூன்று. கட்டுச்சோறு அவசியம். அதிகாரி இங்கிலீஷில் கேட்க, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் சொன்னார்.

"உந்தப் படத்திலை இருக்கிறவர் ஏன் வரேல்லை எண்டு ஐயா கேக்கிறார்."

"வந்திருக்கேங்க. நாந்தாங்க அது."

அதிகாரி படத்தைத் தூக்கி என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் மொட்டை?"

"நேர்த்திங்க."

"என்ன நேர்த்தி?"

"இன்னைக்கு நீங்க என்னைய நம்பணும்னுங்க."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடிக்க இரண்டு தரம் இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. பாக்கியத்தைப் பார்த்தார்.

"இவர் உம்மடை புருஷன்தானோ?"

"மீசையோட இருந்தவரு எம் புருசன்தாங்க. இவரு நாலு நாளாத்தான் பழக்கம்."

அதிகாரி பேனாவைத் திறந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். பாக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, வெளையாட்டுக்குச் சொன்னேங்க! இவருதாங்க, சத்தியமா இவருதாங்க. இவர எங்க அனுப்புனாலும் நானும் புள்ளைகளும் கூடத்தாங்க போகணும். அங்க எங்களுக்கு யாருங்க இருக்கா?"

அதை மட்டும் மொழிபெயர்ப்பாளர் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார். விசாரணைக்கு மூன்று மாதத் தவணை கொடுத்தார்.

"படத்திலை இருக்கிற மாதிரி வாரும்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

திரும்பும் ரயிலில் நான் கேட்காமலே கம்பளியை என் தலையில் போட்டுவிட்டாள்.

போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கம்பளி ஆளுக்கு ஒன்று வேண்டும். குளிரில் புருஷன் பெண்டாட்டி பார்க்க முடியாது. கந்தோரில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எங்கள் குடும்பத்தில் அது யாருக்கும் வராது, நீங்களாவது முயலுங்கள். அம்மனிடம் எதை வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அவளுக்கும் கொஞ்சம் தவணை கொடுங்கள். அவசரப்படுகிறவள் இல்லை.

அந்த மூன்று மாதமும் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். பாக்கியம் தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் என் தலையைத் தடவிப் பார்ப்பாள். தவணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது முடி சீப்பில் நின்றது. மீசை முறுக்க வந்தது. அதே ரயில், அதே பஸ், அதே இருபது சதம். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்ததும், "இப்ப சரி," என்றார். அதிகாரியும் தலையாட்டினார். பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தார். பாக்கியத்தைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்த சேலைத் தலைப்பை எடுக்கச் சொன்னார்.

என் முடி நேரத்துக்கு வளர வேண்டும் என்று அவள் அம்மனிடம் வேண்டியிருந்தாள். வளர்ந்துவிட்டதால் முந்தின வெள்ளிக்கிழமை மொட்டை போட்டிருந்தாள். அடுத்த தவணை தைப்பொங்கல் கழித்து.