பழுது ஏதும் இல்லை என்றது ஸ்கேனர்

தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், ஏற்காடு மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நடந்தது இது. அன்று காலை வரைக்கும் சேர்வராயன் மலையில் என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக் கிடையாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நாகலூர் போகும் சாலையில் என் ஒர்க்‌ஷாப். எஸ்டேட் ஜீப்புகளும் காய்கறி ஏற்றும் வேன்களும்தான் என் வாடிக்கை. கார்புரேட்டர் வைத்த வண்டி என்றால், அது மேடேறி வரும் சத்தத்திலேயே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லி முடித்திருப்பேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

எங்கள் பகுதியில் ஒரு டீச்சர் இருந்தார். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துபவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம், இருந்தாலும் ஊர் வழக்கப்படி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த ஜப்பான் கார் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்திருந்தார். வந்தபோதே அது பழைய வண்டி. ஆனால் கார்புரேட்டர் இல்லாத வண்டி. பெட்ரோலைப் பீய்ச்சுவதிலிருந்து எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் கவனித்துக்கொள்ளும். அந்த மாதிரி வண்டியில் அதுவரை நான் கை வைத்ததே இல்லை. அதை வெளியே சொல்வேனா? மாட்டேன்.

அந்தக் கார் அவர்களுக்குச் சொகுசுக்காக இல்லை. டீச்சரின் கணவர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர், இரண்டு சிறுநீரகமும் போய்ப் படுத்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் சேலம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும், நாலு மணி நேரம் ஓடும். அதற்குப் பின்னால் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பார். தாமதமாகப் போனால் அந்த நேரம் போனது போனதுதான். சார் நிற்கவே தடுமாறுவார், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற நிலைமை இல்லை. அதனால் டீச்சரே ஓட்டிக்கொண்டு போவார். லீவு போட்டு, இருபது வளைவும் இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறி வருவார்.

அந்தக் கார்தான் திடீரென்று மலைப்பாதையில் அணைய ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று உயிர் போய்விடும். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். நான் முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினேன். பிறகு ஃபில்டர். பிறகு பிளக்குகள். ஒவ்வொரு தடவையும் "இனி ஒண்ணும் வராதுங்க டீச்சர்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமே வந்து நிற்பார்.

இந்த மாதிரி வண்டிகளில் என்ன பழுது வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி அதற்கு ஒரு எண் போட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும், ஸ்கேனர் என்று ஒரு கைக்கருவியை மாட்டினால் அந்த எண்ணைச் சொல்லும் என்று கோயம்புத்தூர் போய்வந்த ஒருத்தர் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாங்கியே தீருவது என்று கோயம்புத்தூர் கிளம்பினேன்.

அதில் ஒரு நல்ல காரியம் செய்தேன். போவதற்கு முன்னால் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட் எப்படி இருக்கிறது, எத்தனை ஓட்டை, எந்த மூலை வெட்டியிருக்கிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் முதலில் காட்டியது பளபளவென்று பெரிய திரை வைத்த புது மாடல். நான் தாளை நீட்டினேன். "அட, இது பழைய வண்டியா? அப்ப அந்த மாடல் பேசவே பேசாதுங்க" என்று, இரண்டே வரி தெரியும் திரையும் பை நிறைய விதவிதமான பிளக்குகளும் கொண்ட சாதாரண மாடல் ஒன்றை எடுத்துவைத்தார். படத்தோடு ஒவ்வொரு பிளக்காக ஒட்டிப் பார்த்து, பொருந்திய பிறகுதான் வாங்கினேன். கூடவே பொடி எழுத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தார். எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் அட்டையில் இருக்கும் இங்கிலீஷ்தான் வரும். புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வந்ததும் டீச்சரின் காரில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் 'பழுது ஏதும் இல்லை' என்று இங்கிலீஷில் வந்தது. அந்த மட்டும் எனக்குப் படிக்க வந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு ஜீப் டிரைவர்களைத் திரும்பிப் பார்த்தேன், அத்தனை சந்தோஷம்.

டீச்சருக்கு முகம் தெளியவில்லை. "ஏனுங்கண்ணா, அது அணையறதுக்கு முன்னால ஒரு மஞ்ச லைட்டு பளிச்சுனு வந்துட்டுப் போவுதுங்க. எப்பவும் பாதி மலை எறங்கி, இஞ்சின் சூடான பொறவுதான். நான் நல்லாப் பாத்தனுங்க" என்றார். நான் அவர் சொன்னதைப் பாதிதான் கேட்டேன். கருவியே பழுது இல்லை என்கிறது, இவர் என்ன லைட்டைக் கண்டார் என்று எனக்குள் ஒரு அலட்சியம். வளைவில் கிளட்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் மாட்டினேன், இரண்டு தடவையும் 'பழுது ஏதும் இல்லை'. மூன்றாவது தடவை நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. டீச்சர் பக்கத்தில் நிற்கும்போதே, அவரைத் தாண்டி, காருக்குள் சாய்ந்திருந்த சாரிடம் சொன்னேன்: "சார், வண்டியில ஒண்ணுமில்லீங்க. ஒரு டிரைவரப் போட்டுக்குங்க." சார்தான் மெதுவாக, "இல்லீங்க தம்பி, இவ நல்லாத்தான் ஓட்டுவா" என்றார்.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பனியும் ஈரமும் வயருக்குள் இறங்கிப் பழைய வண்டிகளில் கரண்ட் கசியும். சாயங்காலம் நிறுத்தின வண்டி காலையில் பேட்டரி இறங்கிப் போய்ச் செத்துக் கிடக்கும். அதனால் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுவோம். டீச்சருக்கும் அந்த யோசனையைச் சொன்னது நான்தான். ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகுகிற மாதிரி நட்டு போட்டுக் கொடுத்திருந்தேன். அவரும் சொன்ன சொல் தட்டாமல், மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் நட்டுமாக, தினமும் கழற்றி வைத்தார். நானோ இன்னும் ஒரு படி மேலே. ஒருமுறை ஒரு ஜீப்பில் வயர் உரசித் தீப்பிடித்ததைப் பார்த்த நாளிலிருந்து, எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையில் கை வைப்பேன். முடிந்த பிறகு மாட்டுவேன். கை தானாகப் போகும்.

சரி, நானே ஓட்டிக் காட்டிவிடுகிறேன் என்று ஒரு நாள் காலையில் அவர்களோடு கிளம்பினேன். டீச்சரின் வாயை அடைக்கத்தான், வேறென்ன? டீச்சரும் சாரும் பின்சீட்டில். ஸ்கேனர் பெட்டி முன்சீட்டில். "அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் குடுங்க பாக்கலாம்" என்று டீச்சர் கேட்டார். பொழுது போகட்டும் என்று கொடுத்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பத்தாவது வளைவு தாண்டியதும் "பாத்தீங்களா டீச்சர், எப்படிப் போவுது" என்று சொல்லி வாயை மூடவில்லை, மஞ்சள் விளக்கு ஒன்று மின்னியது. அடுத்த நொடி இஞ்சின் செத்தது. ஸ்டியரிங் இரும்பாக இறுகிவிட்டது. இரண்டு மிதி மிதித்ததும் பிரேக் கல்லாகிவிட்டது. எதிரே ஒன்பதாவது வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு மேலே ஏறி வருகிறது. இடது பக்கம் பள்ளம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் தள்ளி, உடம்பு முழுவதையும் போட்டு ஸ்டியரிங்கை வலது பக்க மண்மேட்டுக்குத் திருப்பினேன். மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு கார் நின்றது. பஸ் இடது பக்கக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்சீட்டில் டீச்சர் சாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இருந்தார். "ஏசுவே" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இந்த அம்மா தனியாக இதே பாதையில், இந்த நோயாளியை வைத்துக்கொண்டு, எத்தனை தடவை இந்த வண்டியை இப்படி நிறுத்தியிருக்கிறார்! அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. டிரைவர் போட்டுக்குங்க என்றேனே, பாவி.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். பழக்கம் விடுமா? கை நேராக டெர்மினலுக்குப் போனது.

"கழட்டாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல். வகுப்பில் பிள்ளைகளை நிறுத்துகிற குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன். டீச்சர் கதவைத் திறந்துகொண்டு, புத்தகத்தில் விரலை வைத்தபடி மழையில் இறங்கி வந்தார். "இதுல போட்டிருக்குதுங்கண்ணா. பேட்டரியக் கழட்டுனா அது எழுதி வெச்ச நம்பர் பூராவும் அழிஞ்சு போயிருமாமுங்க. நான் தெனம் ஊட்டுல கழட்டறேன். நீங்க ஒர்க்‌ஷாப்புல கழட்டறீங்க. அப்பறம் அதுல என்ன இருக்கும்?"

சாட்சி சொல்ல இருந்ததை எல்லாம் நாங்கள் இரண்டு பேருமே ஒவ்வொரு நாளும் துடைத்திருக்கிறோம், பிறகு சாட்சியே இல்லை என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னது நான் மட்டும்தான். அவர் அல்ல.

பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிக் காரை ஓரம் தள்ளினார்கள். மேலே மஞ்சக்குட்டை ஊரிலிருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப் ஒன்று பின்னால் நின்றது. முன்சீட்டில் இருந்தவர் இறங்கிச் சாருக்கு இடம் விட்டார். டீச்சர் பக்கத்தை மடித்துப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். நான் தனியாக உட்கார்ந்து ஸ்கேனரை மாட்டினேன். முதல் தடவையாக அதில் ஒரு எண் வந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வண்டி ஆறிய பிறகு முதல் கியரிலேயே அடிவாரம் இறங்கி, அங்கே நிறுத்திவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். சார் உள்ளே. வந்து சேரத் தாமதமாகிவிட்டதால் இன்றைக்கு மூன்று மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மணி நேரம் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுத்த தடவ வரைக்கும் காலு வீங்கிக்கும். மூச்சு வாங்கும். படுக்க முடியாதுங்க, உக்காந்தேதான் தூங்குவாரு" என்றார். சண்டை போடுகிற குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

புத்தகத்தைக் கொடுத்து, உள்ளங்கையை நீட்டினேன். புத்தகத்தைப் புரட்டி, இஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் ஒன்று, சூடானால் வேலை செய்யாமல் போகிறது என்று படித்துச் சொன்னார். அவர் ஆரம்பத்திலேயே சொன்னது அதுதானே, சூடான பிறகு என்று! "தப்புப் பண்ணிட்டனுங்க டீச்சர்" என்றேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். பிறகு, "மூணு தடவ சொன்னனுங்கண்ணா. நொம்பத் தெளிவாத்தான் சொன்னேன். நீங்க என்னக் கேக்கவே இல்ல, அந்தப் பொட்டியத்தான் கேட்டீங்க" என்றார். இதையே ஒரு எஸ்டேட் மேனேஜர் சொல்லியிருந்தால் குனிந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கோயம்புத்தூரில் தேடிப்பிடித்து எட்டாம் நாள் அந்தச் சென்சாரை மாற்றினேன். அதுவரை இரண்டு நாள் ஜீப் வைத்து நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் சாரின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு ஜீப்பில் ஏற்றினோம். "பரவால்லீங்க தம்பி" என்று அவர் என்னைத்தான் தேற்றினார். அதற்குப் பிறகு அந்தக் கார் ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. ஒன்றரை வருஷம், சார் கண்ணை மூடும் வரைக்கும், டீச்சர்தான் ஓட்டினார்.

இப்போது எந்த வண்டிக்கும் ஸ்கேனர் உண்டு, என்னிடமே நாலு இருக்கிறது. ஆனாலும் யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், அதுவும் ஒரு பெண் வந்து "எப்படியோ இருக்குதுங்க" என்று தயங்கிப் பேச ஆரம்பித்தால், கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். குறுக்கே பேச நாக்கு துடிக்கும்போதெல்லாம், நான் கேட்காமல் விட்டதற்காக ஒரு மனிதர் தன் உடம்பிலிருந்து கொடுத்த அந்த ஒரு மணி நேரம் என் வாயை மூடிவிடுகிறது.