வாசலில் நின்று பெயர் சொன்னவர்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பனியன் உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து போன் வந்தது. "வெண்முகில் போயிட்டாருங்க" என்றார்கள். சுப்பிரமணியம் என்ற அவருடைய பெயரை யாரும் சொல்லவில்லை. திருப்பூரில் எங்களுக்கெல்லாம் கம்பெனிப் பெயர்தான் பெயர். இந்த வருடத்தில் எத்தனை சாவுக்குத்தான் போவது? அலுப்போடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெண்முகில் நிட்டிங் நடத்திய அவரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுடையது பழைய சங்கம். ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிறன்று மதிய விருந்து நடக்கும். மண்டப வாசலில் ஒருவர் நின்று, வருகிறவரின் கம்பெனிப் பெயரை உரக்கச் சொல்வார். உள்ளே இருப்பவர்கள் எழுந்து கும்பிட்டு, வந்தவரை இலைக்கு அழைத்துப் போவார்கள். அந்த வேலையை வெகுகாலமாக அவரே செய்தார். நல்ல கணீர்க் குரல். மைக் கொடுத்தால் கோபம் வந்துவிடும். "எனக்கெதுக்குங்க இந்தக் கருமம்?" என்பார்.

ஆர்டர் நின்றுபோய் நான் கம்பெனியை மூடிய வருடம், விருந்துக்குப் போகவே மனமில்லை. கம்பெனி இல்லாதவனை என்னவென்று கூப்பிடுவார்கள்? மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். வாசலில் கால் கூசியது. அவர் என்னைப் பார்த்தார், கொஞ்சமும் தயங்கவில்லை. "குருத்து கார்மெண்ட்ஸ் வாராருங்க!" என்று மண்டபமே அதிர முழங்கினார். எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள்.

"கம்பெனி இல்லீங்களேண்ணா" என்று முணுமுணுத்தேன்.

"மிசினைத்தானுங்க வித்தீங்க, பேரையுமா வித்தீங்க? போங்க, ரசம் ஆறுது" என்றார். அழுதுவிடுவேனோ என்று பயந்து வேகமாக உள்ளே போனேன்.

பிறகு அவரும் தன் கம்பெனியை மூடினார். அப்போதும் வாசலில் நின்று மற்றவர்களை அழைத்தார். கூப்பிடுகிறவரை யார் கூப்பிடுவது? கடைசிப் பந்தியில் ஓசையில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவார். "ஒருக்கா உங்களை நான் கூப்பிடறனுங்கண்ணா" என்றேன், போன விருந்தில். "அட, அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க, கால் வலிக்குது" என்று சிரித்தார். அந்த அடுத்த வருடம் வருவதற்குள் போய்விட்டார்.

மின்மயானத்தில் சங்கத்துக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லார் முகத்திலும் களைப்பு. அவரை உள்ளே கொண்டுபோகக் கதவு திறந்தது. என்ன தோன்றியதோ, எழுந்துபோய் அந்த வாசலில் நின்றேன். அவர் குரல் எனக்கு ஏது? இருந்ததையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"வெண்முகில் நிட்டிங் வாராருங்க!"

அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள்.

போய்ட்டு வாங்கண்ணா.