வெல்வெட்டும் சொட்டையும்

தாராவியில் நான் வேலை பார்த்த மைக் செட் கடைக்குப் பூட்டு வெளிப்பக்கம்தான். கடை அடைக்கும்போது முதலாளி என்னை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போவார். காலையில் அவர் வந்து திறக்கும்வரை ஆம்ப்ளிஃபயர்களும் நானும். சாமான்களுக்கு மேலே பலகை அடித்த பரணில் என் படுக்கை. ஒன்றுக்குப் போக ஒரு தகர டப்பா. கொடுமை செய்வதாக அவர் நினைக்கவில்லை. அந்தச் சந்தில் பாதிப் பட்டறைகளில் ஆட்களை வைத்துத்தான் பூட்டினார்கள்.

அதற்கு முன் நான் எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மதுரையில் ஓட்டலில் இலை எடுத்தேன், குண்டக்கல்லில் ஜல்லி சுமந்தேன். இந்தக் கடையில் மட்டும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பகலில் ஓடிப்போக ஆயிரம் வழி இருந்தது. ஆனால் என்னைச் சேர்த்துவிட்டவர் தோல் பட்டறையில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். நான் ஓடினால் அவர் வாசலில்தான் போய் நிற்பார்கள். முதலாளியே என்னைப் போகச் சொன்னால்தான் ஊர்க்காரருக்குக் கெட்ட பெயர் வராது. ஒருமுறை கேட்டும் பார்த்தேன்.

"எங்கலே போவ? போற எடத்துல என்ன கொட்டியா கெடக்கு?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

கடையில் பெயர் சொல்லும்படி இரண்டு மைக்குகள் இருந்தன. ஒன்று ரிப்பன் மைக். மாட்டுங்காவில் கச்சேரி நடத்துகிறவர்களுக்கு மட்டும் போகும். வெல்வெட் துணி தைத்த பெட்டியில் இருந்ததால் அதை வெல்வெட்டு என்போம். இன்னொன்று தெருவில் அறிவிப்புச் சொல்லக் கைவண்டியில் கட்டிக்கொண்டு போகும் டைனமிக் மைக். பலதடவை கீழே விழுந்து முகம் நசுங்கிக் கிடந்ததால் அதன் பெயர் சொட்டை.

வெல்வெட்டு ஒருமுறை செத்துப் பிழைத்தது. ஒரு கல்யாணக் கச்சேரியில் மாப்பிள்ளையின் மாமா மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லோரும் செய்வதுபோல 'ஃபூ ஃபூ' என்று ஊதினார். சத்தம் நின்றுவிட்டது. குர்லாவில் ரிப்பேர்க்காரர் அதைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைவிட மெல்லிய ஒரு நாடா, அதுதான் ரிப்பன், ஊதிய காற்றில் கிழிந்து தொங்கியது. முதலாளி அதை நம்பவில்லை. மாமா வெற்றிலை போட்டிருந்தார், எச்சில் பட்டுத்தான் போயிற்று என்பது அவர் முடிவு. அன்றிலிருந்து வெற்றிலை போட்டவர்களை அதன் பக்கத்திலேயே விடமாட்டார்.

அறுபதுகளின் கடைசியில் செம்பூரிலிருந்து ஒரு பாட்டுக் கோஷ்டி வந்தது. ஆபீஸ் குடும்பத்துப் பிள்ளைகள். மைதானத்தில் பந்தல் போட்டு வாசிக்கப் போகிறார்கள். திறந்தவெளியில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் பேஸ் கிட்டாரும் நாலு வரிசை தாண்டாது, அதற்கும் மைக் வேண்டும் என்றான் டிரம் வாசிக்கிறவன். எங்கள் ஆம்ப்ளிஃபயரில் மைக் ஒயரைச் சொருக இரண்டு வாய்தான். ஒன்று பாடுகிறவனுக்கு. மிச்சம் ஒன்றில் டிரம்மையும் பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

"வெல்வெட்ட எடுத்துட்டுப் போ," என்றார் முதலாளி.

"அது தாங்காது மொதலாளி."

"ஏம்லே, டிரம்மு வெத்தலையா போட்டிருக்கு? கச்சேரிக்காரனுக்கு எதக் குடுக்கோமோ அதையே இவங்களுக்கும் குடு. பெரிய எடம்."

டிரம்காரப் பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று சொட்டையையும் வண்டியில் போட்டேன்.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால், டிரம்மின் முன்பக்கத் தோலைக் கழற்றியிருந்தார்கள். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். "மிதிங்க தம்பி," என்றேன். மிதித்தான். குச்சி அணைந்தது. இன்னொன்று கொளுத்தினேன். அதுவும் அணைந்தது. மாமா ஊதியதைவிடப் பெரிய காற்று.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. முதலாளி சொன்னபடி வெல்வெட்டை வைத்தால் போதும். முதல் பாட்டிலேயே நாடா கிழியும். முதலாளி கோபத்தில் என்னை விரட்டுவார். ஆனால் வைக்கச் சொன்னது அவரே. சாட்சியும் இருக்கிறது. ஊர்க்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. இரண்டு வருஷமாக நான் தேடிய வழி அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

எடுத்து வைத்தேன். ஒயரைச் சொருகினேன். பையன் காலைத் தூக்கினான்.

"இரு, இரு, மிதிக்காதே!"

கை தானாகப் போயிற்று என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் வெல்வெட்டைத் திரும்ப எடுத்தேன். சபாவில் அந்த மைக் வழியாகப் பாடகரின் மூச்சுகூடக் கேட்கும். அதை என் கையால் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

சொட்டையைப் பார்த்ததும் பையன் சிரித்தான். "என்னண்ணா இது, லோக்கல் டிரெயின்ல அடிபட்டதா?"

"அடிபட்டதுதான் தம்பி அடி தாங்கும்."

பேஸ் பெட்டியை டிரம் பக்கம் நகர்த்தச் சொன்னேன். நடுவில் சாக்கை மடித்துப் போட்டு, சொட்டையை அதன்மேல் படுக்க வைத்தேன். பெட்டியை ஒட்டி வைத்தால் கரகரத்தது. ஒரு முழம் தள்ளினேன், சரியாயிற்று. குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் தகரம் தட்டுவதுபோல வந்ததால் பெட்டி ஸ்பீக்கருக்கு மாற்றினேன். சாயங்காலம் அவர்கள் வாசித்தபோது கடைசி வரிசையில் இருந்த கிழவர்கள்கூட நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்கள். எனக்கும் நெஞ்சுக்குள் கேட்டது.

முதலாளி பாதியில் வந்தார். ஓரத்தில் வெல்வெட்டுப் பெட்டி மூடியே இருப்பதைப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்ததும் தீக்குச்சி விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் அவரே ஒன்றைக் கொளுத்திப் பிடித்தார். பையன் மிதித்தான். அணைந்த குச்சியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப அன்னைக்கி எச்சி இல்லியாலே?"

"இல்ல மொதலாளி."

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. "என்னைய அனுப்பி வைங்க மொதலாளி. நான் வேற ஊருக்குப் போறேன்."

"ஒன்னையா?" அவர் என் தோளில் கையைப் போட்டார். "இனிமே எவன் வந்து கேட்டாலும் விடமாட்டம்லே."

அடுத்த வாரம் பரணுக்கு ஒரு மேஜை விசிறி வாங்கிக்கொண்டு வந்தார். அவரே மேலே ஏறி ஆணி அடித்து மாட்டினார். என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்து, "காத்து வருதா?" என்று கேட்டார்.

வந்தது. நல்ல விசிறி. அவர் இறங்கிப் போய் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.