ஆட்டுக் கதையும் நிற்காத விரலும்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? இரண்டாம் வகுப்போடு நின்றவள் பள்ளிக்கூடத்தில் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்தாளாமே, எப்படி என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டு அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஆளில்லை, என் வாயைப் பார்க்க இத்தனை பேர். சரி, கேட்டுத் தொலையுங்கள். நடந்தது எனக்கே இன்னும் விளங்கவில்லை. கடைசியில் என்னைத் திட்டக் கூடாது.

எல்லாம் என் கையெழுத்தால் வந்தது. எழுத்துக் கூட்டி ஒரு வரி படிக்க எனக்கு அரை நாள் ஆகும். ஆனால் கையெழுத்து மட்டும் பிரமாதமாகப் போடுவேன். மகளிர் குழுவில் சேர்ந்தபோது கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, கோலமாவில் எழுதி எழுதிப் பழகினேன். கடைசி எழுத்தைச் சுழித்து, கீழே ஒரு கோடும் இழுப்பேன்.

என் பேத்தி முடிச்சூரில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளியில் ஒரு கதைப் புத்தகம் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் பெரியவர்கள் அதை வாசித்துக் காட்டிவிட்டு, கூட வரும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மகனுக்குக் குரோம்பேட்டையில் கடை வேலை, மருமகளுக்குக் கம்பெனி வேலை. அவர்கள் வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். ஆகவே வாசிப்பவள் நான். அவளை எதிரே உட்கார வைப்பேன். படத்தைப் பார்ப்பேன், வாயில் வந்ததைச் சொல்வேன், பக்கத்தைத் திருப்புவேன். முடித்ததும் சுழித்து ஒரு கையெழுத்து.

மாதம் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வகுப்பில் வாசிக்கச் சொல்வது அவள் டீச்சரின் வழக்கம். என் கையெழுத்தைப் பார்த்து, நான் நன்றாகப் படித்தவள் என்று நினைத்து ஆளனுப்பிவிட்டார். முட்டி வலி என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பேத்தி, தன் ஆயா மாதிரி யாராலும் படிக்க முடியாது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதுவும் உண்மைதானே. போகாவிட்டால் அவள் முகம் வாடிவிடும். போய் மாட்டிக்கொண்டால் அத்தனை பிள்ளைகள் முன்னால் அவளுக்கு அவமானம்.

யோசித்து, ஆட்டுக் கதையைத்தான் வாசிப்பேன் என்று சொல்லியனுப்பினேன். ஆடு, குடை, மழை. வீட்டில் பத்து தடவை ‘வாசித்தது’. ஒரே ஒரு புத்தகம், அதுவும் என் கையில். யாருக்குத் தெரியப்போகிறது? தப்பிக்க வழி வேண்டுமே என்று கண்ணாடியையும் மறந்தாற்போல வீட்டில் விட்டுவிட்டுப் பேத்தியோடு போனேன்.

வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேத்தி ஓடி வந்தாள். “ஆயா, கண்ணாடிய மறந்துட்ட பாரு. நான் எடுத்தாந்துட்டேன்.”

மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் இன்னொரு கூத்து. டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே ஆட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். பெரியவர் வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டுமாம். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

வேறு வழியில்லை, ஆரம்பித்தேன். இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில் மழையில் ஒரு ஆடு நின்றது. பக்கத்து ஆளின் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. போலீஸ் துரத்தியது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் விரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு வாண்டு எழுந்தது.

“பாட்டி, போலீஸ் எங்க கீது? இதுல இல்லியே.”

“அவரு அவசரமா ஓடிட்டாரு. நீ குந்து.”

கடைசி பெஞ்சில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலை தூக்கினார். நான் பேத்தியைத் தேடினேன். வகுப்பில் எல்லா விரலும் நின்றுவிட்டது, அவள் விரல் மட்டும் நிற்கவில்லை. நான் போலீஸ் என்றபோதும் ஓடியது, பஸ் என்றபோதும் ஓடியது. நான் பக்கம் திருப்பியபோது அவளும் திருப்பினாள்.

அங்கேதான் என் தலை சுற்றியது. ஒன்று, இவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் சொல்வதுதான் அச்சில் இருக்கிறது என்று நம்புகிறாள். வாரா வாரம் கையெழுத்துப் போட்டு நானே பிள்ளையைக் கெடுத்திருக்கிறேன். இல்லையென்றால், இவளுக்கு எல்லாம் படிக்கத் தெரியும். நான் புளுகுவது எப்போதோ தெரிந்து, இப்போது என்னைக் காப்பாற்றுகிறாள். இதில் எது? ஆட்டை நடுரோட்டில் விட்டுவிட்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர்தான் எழுந்து, எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டி சொல்வதைக் கேளுங்கள் என்றார். ஆட்டை எப்படியோ வீடு சேர்த்தேன். பிறகு கையெழுத்துக்கு ஒரு நோட்டை நீட்டினார். போட்டேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், அடுத்த மாதமும் வரச் சொன்னார். கிண்டலா, மரியாதையா? அதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பேத்தியைச் சோதித்தேன். ஒரு கடைப் பலகையைக் காட்டினேன்.

“அதுல இன்னா எழுதிக்கீது, படி பாக்கலாம்.”

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீ படி ஆயா. நீதான் நல்லா படிப்ப.”

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றுவரை குழம்புகிறேன். மறு வெள்ளிக்கிழமை மட்டும் அவளை எதிரே வைக்காமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் விரலை ஓட்டினாள், நான் கதை சொன்னேன். இரண்டும் ஒன்றாகத்தான் போனதா என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

பள்ளிக்கூடத்தில் என்னமோ ஆயிற்றாமே என்று மாடிப்படியில் மடக்கிய பக்கத்து வீட்டுப் பெண்களிடம், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: “அந்தப் புக்குல போலீஸையே வுட்டுட்டு அச்சடிச்சிக்கீறாங்க. நான்தான் சேத்துப் படிச்சேன். வேணும்னா இவளக் கேட்டுக்கோங்க.”