வெள்ளிமலை மாவு மில்லில் பவர் டில்லர்

இன்று வெள்ளிமலையில் செல்வி அக்காவின் மாவு மில்லில் கேழ்வரகோடு காத்திருந்தேன். பாதி அரைக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

சில பெண்கள் கீழே வேறு மில்லுக்குப் போகலாம் என்று மூட்டையைத் தூக்கினார்கள். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"லோன் போட்டு ஜெனரேட்டர் வாங்கலாமேக்கா?" என்றேன்.

"பேங்க்ல பட்டா கேக்கறாங்க. எங்க மலை நெலத்துக்கு ஏதுங்க பட்டா?"

அப்போது உழவுக்கான பவர் டில்லரை ஓட்டி வந்த ஒருவரை அக்கா ஓடிப்போய் மறித்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் வண்டிய வுடுங்க. இந்த மாசம் பூரா உங்க வூட்டு மாவ சும்மா அரைச்சித் தரேன்."

அவர் சிரித்துவிட்டு டில்லரை வாசலில் நிறுத்தினார். டில்லர் எஞ்சினிலிருந்து மில்லுக்குப் பெல்ட்டை மாட்டியதும் மில் ஓடியது. மூட்டைகள் மறுபடி இறங்கின.

நடுவில் கரண்ட் வந்தது. டில்லர்காரர் பெல்ட்டைக் கழற்றப் போனார்.

"இன்னாண்ணே, இந்த கரண்ட்ட நம்பியா கழட்டறீங்க?" என்றார் அக்கா.

உங்கள் ஊரில் யாராவது நம்புகிறார்களா?