அன்செல்மின் வெள்ளைக் காலுறை

என் வீட்டுக்காரர் அன்செல்ம் காலுறை போடமாட்டார். எங்கள் த்ருவா ஊரில் பாதிப் பேருக்குக் காலுறை ஆலையில்தான் பிழைப்பு. அந்த ஊரில் இப்படி ஓர் ஆள். கேட்கிறவர்களிடம் கால் வேர்க்கிறது என்பார். சுத்தப் பொய். நான் அதே தெருவில் வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா?

அவருடைய அம்மா சொலாஞ்ச், ஆலையில் காலுறையின் விரல்முனையை மூடுகிறவள். கண்ணி கண்ணியாகக் கோத்து அவள் மூடினால், தடவிப் பார்த்தாலும் தையல் தட்டுப்படாது. கைகாரிதான், மறுக்கவில்லை. அந்தக் கைவேலையை ஊருக்குக் காட்ட அவளுக்கு மகனின் கால் வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் அரைக்கால் சட்டைக்குக் கீழே, தொடைவரை ஏறும் பழுப்புக் கம்பளிக் காலுறை. அதைப் பிடித்து நிறுத்த எலாஸ்டிக் பட்டி வேறு. மற்றப் பையன்கள் தெருமுனை திரும்பியதும் அதைக் கணுக்கால்வரை சுருட்டிவிட்டு ஓடுவார்கள். இவர் மட்டும் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். அம்மா கொடுத்த வாக்குதான் காரணம். பன்னிரண்டு வயதில் மாதா கோயிலில் பெரிய நற்கருணை விழா வரும். அன்றைக்கு முழுக்கால் சட்டை போட்டால் பையன் பெரிய மனுஷன்.

"ஒழுங்கா போட்டுட்டுப் போடா. மே மாசம் உனக்குப் பேண்ட்டு, நானாச்சு" என்பாள்.

ஏப்ரலில் தையல்காரர் கணுக்கால்வரை அளவெடுத்தார். அன்செல்ம் அதைத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். என்னிடமே இரண்டு தடவை சொன்னார்.

விழாவன்று காலையில் கட்டில்மேல் புதுக் கோட்டு இருந்தது. பக்கத்தில் அரைக்கால் சட்டை. அதன்மேல், அம்மா தன் கையால் முடித்த மெல்லிய வெள்ளைக் காலுறை, முழங்கால் உயரத்துக்கு. அளவெடுத்த மறுநாளே அவள் தையல்காரரிடம் போய்க் குட்டையாக வெட்டச் சொல்லியிருக்கிறாள். ஆலை மேற்பார்வையாளரின் மனைவி கோயிலுக்கு வருகிறாளாம்.

"பேண்ட்டு எங்கம்மா?"

"பேண்ட்டு போட்டா இதை யாருடா பாப்பாங்க?"

ஊர்வலத்தில் எல்லாப் பையன்களும் முழுக்கால் சட்டையில் நடந்தார்கள். நடுவில் இவர் மட்டும் வெறும் முழங்காலோடு. பாப்பாவை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள் என்று ஒரு பயல் சொல்ல, வரிசையே சிரித்தது. மேற்பார்வையாளரின் மனைவி குனிந்து பார்த்து மெச்சினாள். சொலாஞ்சுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. மகனின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. விருந்தில் மேசைவிரிப்புக்குள் காலை ஒளித்து உட்கார்ந்தவர், விழாப் பையன்தான் முதலில் உடைக்க வேண்டிய கிரீம் பன் கோபுரத்துக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பெற்றவளே ஏமாற்றினால் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

அதைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தபால்காரர் ஆனார். ஞாயிறுதோறும் அவள் கையால் சாப்பிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு அவள் கறுப்புப் பட்டுக் காலுறை முடித்துக் கொடுத்தாள். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தைப் பதிய நகரமன்றத்தில் நாங்கள் உட்கார்ந்தபோது அவருடைய முழுக்கால் சட்டை கொஞ்சம் மேலேறியது. உள்ளே வெறுங்கால். பின்வரிசையிலிருந்து சொலாஞ்ச் குனிந்தாள்.

"நான் குடுத்தது எங்கடா?"

அவர் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்.

"பேண்ட்டு போட்டிருக்கேனேம்மா. யார் பாக்கப்போறாங்க?"

நாங்கள் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.